ஒரு நாட்டுப் பெண்கள் எழுத, உலகம் சேர்ந்து ஏறெடுக்கும் ஜெபம்

மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். 170க்கும் மேற்பட்ட நாடுகளில் அன்று ஒரே ஆராதனை நடக்கிறது. ஒரே தலைப்பு, ஒரே வேதபகுதி, ஏறத்தாழ ஒரே சொற்கள். அந்தச் சொற்களை எழுதியவர்கள் ஏதோ ஒரு நாட்டின் கிறிஸ்தவப் பெண்கள். ஆண்டுக்கு ஒரு நாடு என்று அந்தப் பொறுப்பு கைமாறிக்கொண்டே போகிறது. 2024இல் பாலஸ்தீனம், 2025இல் குக் தீவுகள், 2026இல் நைஜீரியா.

இந்த நாளைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக உள்ளன. பெண்கள் ஐக்கியத்தின் ஆண்டுக் கூட்டங்களில் இதுவும் ஒன்று என்பது முதலாவது. பெண்களுக்காக ஜெபிக்கும் நாள் என்பது இரண்டாவது. பெண்கள் எழுதி, பெண்கள் நடத்தும் ஆராதனை இது. ஆனால் ஆண்கள், பிள்ளைகள், போதகர்கள், குருக்கள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. அன்று போதகரின் இடம் பீடம் அல்ல, சபையாரின் இருக்கை. மார்ச் 8இல் வரும் சர்வதேசப் பெண்கள் நாளோடும், ஜனவரி 18 முதல் 25 வரை பல நாடுகளில் அனுசரிக்கப்படும் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேரும் வேறு, நடைமுறையும் வேறு.

இதன் குறிக்கோள் வாசகத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: அறிந்து ஜெபிப்போம், ஜெபித்துச் செயல்படுவோம். இந்த வரிசைதான் முக்கியம். முதலில் அறிவது, பிறகு ஜெபிப்பது, அதன் பிறகு செய்வது. ஓர் ஊரில் இந்த ஆராதனை சப்பென்று முடிந்துபோனால், இந்த மூன்றில் ஒன்று விடுபட்டிருக்கும். பெரும்பாலும் விடுபடுவது முதலாவதுதான்.

எங்கிருந்து வந்தது

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் திருச்சபைப் பெண்கள் தங்கள் சொந்த மிஷனெரிச் சங்கங்களை நடத்தினார்கள். காசு சேர்த்தார்கள், ஆள் அனுப்பினார்கள், பள்ளியும் மருத்துவமனையும் கட்டினார்கள். ஆனால் சபையின் பெரிய முடிவுகள் ஆண்கள் அமர்ந்த குழுக்களில்தான் எடுக்கப்பட்டன. பெரும்பாலான சபைகளில் பெண்கள் பிரசங்க பீடம் ஏற முடியாது. ஆனால் ஒரு நாளைக் குறித்து, கூடி ஜெபிக்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. 1887இல் நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த பிரெஸ்பிட்டேரியன் பெண்மணி மேரி எலன் ஃபேர்சைல்ட் ஜேம்ஸ் உள்நாட்டு ஊழியத்துக்காக ஒரு ஜெப நாளை அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் பாப்டிஸ்ட் பெண்கள் வெளிநாட்டு ஊழியத்துக்கென வேறொரு நாளைக் குறித்தார்கள். கனடாவிலும் 1895இல் பெண்கள் சேர்ந்து ஜெபிக்கும் முயற்சி தொடங்கிவிட்டது.

இந்தத் தனித்தனி ஓடைகளை ஒன்றாக்கியவர்களில் இருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் லூசி பீபாடி. அவர் இளம் வயதில் கணவரோடு சென்னைக்கு வந்து தெலுங்கு மக்களிடையே ஊழியம் செய்தவர். கணவர் இங்கேயே இறந்துபோக, பிள்ளைகளோடு நாடு திரும்பினார். மற்றவர் ஹெலன் பாரெட் மாண்ட்கோமரி. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1924இல் வெளியிட்ட அறிஞர் அவர். பெண்களின் மிஷனெரிச் சங்கப் பணி 50 ஆண்டை எட்டியதை ஒட்டி, 1910-11இல் இருவரும் அமெரிக்கா முழுக்கக் கூட்டங்கள் நடத்தினார்கள். சபை வேறுபாடு பாராமல் பெண்கள் ஒரே அரங்கில் கூடிப் பழகியது அப்போதுதான். அதே இருவரின் முயற்சியால் 1920களில் ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்குத் திரட்டிய நிதி சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் வேலூர் மருத்துவப் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. ‘ஜெபித்துச் செயல்படுவோம்’ என்ற வாசகம் உருவாவதற்கு முன்பே அந்தப் பழக்கம் உருவாகியிருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

1920இல் அமெரிக்காவில் உள்நாடு, வெளிநாடு என்ற இரண்டு நாட்களும் ஒன்றாகி, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கு வந்தன. அதே ஆண்டு கனடாவும் நாடளாவிய ஜெப நாளைத் தொடங்கியது. 1922இல் இரு நாடுகளும் ஒரே தேதியை ஏற்றன. 1927இல் அது உலக நாளானது. 1928இல் எருசலேமில் நடந்த சர்வதேச மிஷனெரி மாநாட்டில் பல நாட்டுப் பிரதிநிதிகள் இதைக் கேள்விப்பட்டு, தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்த நாளின் போக்கையே மாற்றியது. 1930ஆம் ஆண்டின் ஆராதனையை எழுதும் பொறுப்பு கொரியாவின் ஹெலன் கிம்முக்குக் கொடுக்கப்பட்டது. அதுவரை வட அமெரிக்கப் பெண்கள் எழுதி அனுப்ப, மற்றவர்கள் வாசித்தார்கள். இப்போது ஜப்பானிய ஆட்சியின் கீழிருந்த ஒரு நாட்டின் பெண் எழுத, அமெரிக்கப் பெண்கள் வாசித்தார்கள். யாருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்களோ அவர்களே ஜெபத்தின் சொற்களைத் தருகிறவர்களாக ஆனார்கள். இன்றைய ‘எழுதும் நாடு’ என்ற ஏற்பாட்டுக்கு விதை இங்கேதான்.

1968இல் இந்த நாளுக்கென ஒரு சர்வதேசக் குழு அமைந்தது. கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கப் பெண்கள் அமைப்புகளும் தங்கள் ஜெப நாளை இதோடு இணைத்துக்கொண்டன. 1969 முதல் தேதி மார்ச் முதல் வெள்ளி என்று நிலைத்தது. தவக்காலம் ஆண்டுக்கு ஆண்டு நகரும்; கிழக்குத் திருச்சபைகளில் அது வேறு நாளில் தொடங்கும். மார்ச் முதல் வெள்ளிக்கு அந்தச் சிக்கல் இல்லை. சில ஆண்டுகளில் இரண்டும் தாமாகவே ஒன்றாக வருவதும் உண்டு. 2025இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 5, ஜெப நாள் மார்ச் 7. பழைய ஒழுங்குப்படி பார்த்தாலும் அன்றுதான் வந்திருக்கும்.

சுற்றி வரும் ஒரு நாள்

ஆராதனைத் தாளில் ஒரு சின்னம் இருக்கும். அயர்லாந்துப் பெண்கள் வடிவமைத்து 1982இல் ஏற்கப்பட்டது. நான்கு திசையிலிருந்தும் அம்புகள் நடுவை நோக்கி வருகின்றன. அவற்றுக்குள் முழங்காலில் நிற்கும் மனிதர்கள். நடுவே கெல்டிக் சிலுவை. எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு வட்டம். அந்த வட்டத்தைக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

டோங்கா, சமோவா போன்ற பசிபிக் தீவுகளில் வெள்ளிக்கிழமை முதலில் விடிகிறது. கடைசியாக வருவது அமெரிக்கன் சமோவாவுக்கு. சமோவாவுக்கும் அமெரிக்கன் சமோவாவுக்கும் இடையே கடல்வழி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் தேதிக் கோடு நடுவில் போவதால் நேர வித்தியாசம் 24 மணி. சமோவாவில் வெள்ளி காலை 10 மணிக்கு ஓர் ஆராதனை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன் சமோவாவில் வெள்ளி மாலை 7 மணி ஆராதனை தொடங்கும்போது, இடையில் 33 மணி நேரம் கழிந்திருக்கும். அந்த 33 மணியில் எந்த நிமிடத்திலும் ஏதோ ஒரு மொழியில் இதே ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது. அழைப்பிதழில் நேரம் போடும்போது இதை ஒரு வரி எழுதிவிடுங்கள். வருகிறவர்கள் கூட்டத்துக்கு வருவதாக நினைக்காமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் சேர்வதாக உணர்வார்கள்.

எழுதும் நாட்டில் என்ன நடக்கிறது

தலைப்புகளும் நாடுகளும் பல ஆண்டுகள் முன்கூட்டியே சர்வதேசக் கூட்டத்தில் முடிவாகின்றன. எழுதும் நாட்டில் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த பெண்கள் ஒரு குழுவாகக் கூடி, கொடுக்கப்பட்ட வேதபகுதியைத் தங்கள் வாழ்க்கையின் பக்கத்தில் வைத்து வாசிக்கிறார்கள். அவர்கள் தருவது ஐந்து பொருட்கள்: ஆராதனை ஒழுங்கு, வேதபாடம், நாட்டைப் பற்றிய பின்னணிக் குறிப்பு, சிறுவர் நிகழ்ச்சி, ஓர் ஓவியம். சர்வதேச அலுவலகத்திலிருந்து இவை ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு மொழிகளில் தேசியக் குழுக்களுக்குப் போகின்றன. அங்கிருந்து மற்ற மொழிகளுக்கு.

ஓவியத்தைப் பலர் அட்டைப் படமாக மட்டும் பார்க்கிறார்கள். அது பெரிய இழப்பு. 2021இல் வனுவாட்டுப் பெண்கள் எழுதிய ஆராதனையின் தலைப்பு, உறுதியான அஸ்திபாரத்தின்மேல் கட்டுவது பற்றியது. ஜூலியட் பீட்டாவின் ஓவியத்தில் அலை உயர்ந்து வருகிறது. ஒரு தாய் குனிந்து பிள்ளையைத் தன் உடலால் மூடி ஜெபிக்கிறாள். தென்னை காற்றுக்கு வளைந்து அவள்மேல் கவிகிறது. 2015 மார்ச்சில் அந்தத் தீவுகளைப் புரட்டிப்போட்ட பாம் புயல் அது. கன்மலைமேல் கட்டிய வீட்டைப் பற்றிய உவமையை வீடு பறிபோனவர்கள் வாசிக்கும்போது அது எப்படிக் கேட்கும் என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. 2026இன் நைஜீரிய ஓவியத்தில் பெண்கள் தலைச்சுமையோடு வருகிறார்கள். தலைப்போ ‘நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன், வாருங்கள்’. படத்தைப் பெரிதாக்கித் திரையிலோ தட்டியிலோ வைத்து, ஆராதனை தொடங்குமுன் 2 நிமிடம் பேசாமல் பார்க்க விடுங்கள்.

எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் இடையே ஆண்டுகள் கழிவதால், சில நேரம் காலம் குறுக்கே வந்துவிடும். 2024இன் ஆராதனையைப் பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள் எழுதி முடித்தது 2023 அக்டோபர்ப் போருக்கு முன்பு. வாசிக்கப்பட்டது போரின் நடுவில். ஜெர்மனியின் தேசியக் குழு முதலில் வந்த ஓவியத்தை விலக்கி, திருத்திய பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அது சரியா என்ற விவாதம் பெரிதாக எழுந்தது. நம் கருத்து இது: உள்ளூர்ச் சூழலுக்கு ஒரு முன்னுரை தேவைப்பட்டால் தனியாக எழுதிச் சேர்க்கலாம், எழுதியவர்களின் வாயிலிருந்து வந்த சொற்களைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால், யாருடைய ஜெபத்தை நாம் ஏறெடுக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும்.

மொழிபெயர்ப்பில் சிக்கும் இடங்கள்

தமிழில் இந்த ஆராதனைக்கு மற்ற மொழிகளில் அதிகம் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் ‘ஜெபம்’ என்பார், அடுத்தவர் ‘செபம்’ என்பார், மூன்றாமவர் ‘மன்றாட்டு’ என்பார். ‘கர்த்தர்’ என்று சொல்லிப் பழகியவர்களும் ‘ஆண்டவர்’ என்று சொல்லிப் பழகியவர்களும், ‘பரிசுத்த ஆவி’யும் ‘தூய ஆவி’யும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இது சிறிய விஷயம் இல்லை. சிறு வயதில் மனப்பாடம் செய்த சொல்லில்தான் மனசு ஜெபிக்கிறது.

இது முற்றிப்போய் வெளிப்படுவது ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில். நடத்துபவர் ‘எல்லோரும் சேர்ந்து சொல்வோம்’ என்பார். அரங்கின் ஒரு பாதி ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கும். மறுபாதி ‘விண்ணகத்திலிருக்கிற எங்கள் தந்தையே’ என்று தொடங்கும். இரண்டாம் வரியிலேயே குரல்கள் இடறும். கடைசியில் கத்தோலிக்கர் ஆமென் சொல்லி நிறுத்திவிட, மற்றவர்கள் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று தொடர்ந்து போவார்கள். ஒற்றுமைக்காகக் கூடிய இடத்தில் வேற்றுமை இவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டியதில்லை. வழி எளிது: ஒரு வடிவத்தைத் தாளில் முழுமையாக அச்சிடுங்கள், அடுத்த ஆண்டு மற்ற வடிவத்தை அச்சிடுங்கள். ‘அவரவர் பழக்கப்படி’ என்று விட்டுவிடுவது தாராளமாகத் தோன்றும். நடைமுறையில் யாருக்கும் யாருடைய ஜெபமும் கேட்காது.

தலைப்பை மொழிபெயர்க்கும்போது ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்காமல் வேதவசனத்துக்குப் போவது நல்லது. 2024இன் தலைப்பு எபேசியர் 4ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. பழைய மொழிபெயர்ப்பு அதை ‘அன்பினால் ஒருவரையொருவர் தாங்கி’ என்கிறது. தாங்குவது என்றால் தமிழில் சுமப்பது, பொறுத்துக்கொள்வது, விழாமல் பிடித்துக்கொள்வது மூன்றும்தான். மூலத்தில் இருக்கும் பொறுமையோடு, நம் மொழி ஒரு தோளையும் சேர்த்துத் தருகிறது. அப்படித்தான் 2026இன் ‘இளைப்பாறுதல்’ என்ற சொல்லும். இளைப்பு ஆறுவது. ஓய்வு என்று எழுதினால் வேலை நிற்பது மட்டும்தான் தெரியும். இளைப்பாறுதல் என்று எழுதினால் மூச்சு வாங்கி நின்ற ஆள் கண்ணுக்குத் தெரிகிறார்.

எழுதும் நாட்டின் வாழ்த்துச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். குக் தீவுகளின் ‘கியா ஒரானா’வை அப்படியே எழுதி, பொருளைப் பக்கத்தில் கொடுங்கள்: நீடு வாழ்க, நலமாய் வாழ்க. நடத்துபவர் ஒருமுறை சொல்ல, சபையார் இருமுறை திருப்பிச் சொல்லட்டும். ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் எப்படி உச்சரிப்பது என்று தேடிக் கேட்டு, வாசிப்பவரின் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிய பெண்ணின் ஊர்ப் பெயரை வாசிப்பவர் தடுமாறி விழுங்கினால், அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

ஆயத்தம்

நவம்பரில் தொடங்கினால் நிம்மதியாக முடிக்கலாம். ஒவ்வொரு சபையிலிருந்தும் 2 பேர் கொண்ட ஆயத்தக் குழு வேண்டும். ஒருவர் மட்டும் என்றால், அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும் வாரம் அந்தச் சபையே விலகிப்போகும். முதல் கூட்டத்தில் மூன்றே முடிவுகள்: எந்த ஆலயத்தில், எத்தனை மணிக்கு, எந்த மொழியில். ஆண்டுதோறும் ஒரே ஆலயத்தில் நடத்தினால் அது அந்தச் சபையின் விழாவாகிவிடும், மற்றவர்கள் விருந்தாளிகளாகிவிடுவார்கள். சுற்றில் விடுங்கள். நேரத்தைக் குறிக்கும்போது, அன்று மாத முதல் வெள்ளி என்பதையும், பெரும்பாலான ஆண்டுகளில் தவக்கால வெள்ளியும்கூட என்பதையும் நினைவில் வையுங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் மாலையில் சிலுவைப்பாதை இருக்கும். மாலை ஆறு மணி என்று யோசிக்காமல் போட்டுவிட்டு, அவர்கள் வரவில்லையே என்று வருந்துவது வழக்கமாக நடக்கும் தவறு.

டிசம்பரில் மொழிபெயர்ப்பையும் பாடல்களையும் பார்த்துவிட வேண்டும். எழுதும் நாடு அனுப்பும் பாடல்களில் குறைந்தது ஒன்றையாவது பாடுங்கள். மெட்டு புதிது என்பதால் நான்கையும் எடுத்துவிட்டு நமக்குத் தெரிந்த கீர்த்தனைகளைப் போட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. நாலில் மூன்று தெரிந்ததாக இருக்கட்டும். ஒன்று அவர்களுடையதாக இருக்கட்டும். பல்லவி மட்டும் சபையார் பாட, சரணங்களைப் பாடகர் குழு பாடினால் போதும். ஆராதனைக்கு 10 நிமிடம் முன்பு பல்லவியை இருமுறை சொல்லிக்கொடுத்தால் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வேதபாடம். இதை விட்டுவிடுவதுதான் நாம் முதலில் சொன்ன ‘அறிவது’ விடுபடும் இடம். ஒவ்வொரு சபையின் பெண்கள் ஐக்கியத்திலும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்: முதல் 20 நிமிடம் நாட்டுப் பின்னணி, அடுத்த 30 நிமிடம் வேதபகுதி, கடைசி 10 நிமிடம் ஒரே ஒரு கேள்வி: இந்த நாட்டுப் பெண்களிடம் நாம் கேட்க விரும்புவது என்ன? நாட்டுப் பின்னணி என்றால் மக்கள்தொகை, தலைநகர், விளைபொருள் என்று பள்ளிப் பாடம் ஒப்பிப்பது இல்லை. அங்கே ஒரு பெண் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் போகிறாள், சொத்தில் அவளுக்கு உரிமை உண்டா, சபையில் அவள் பேசலாமா என்பவைதான் ஜெபத்துக்கு உதவும் செய்திகள்.

தாள் அச்சிடும்போது எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக அடியுங்கள். 150 பேர் என்றால் 165. எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. மாலை ஆராதனைக்கு வருகிறவர்களில் கண்ணாடி போட்டவர்கள் அதிகம். சபையார் சொல்ல வேண்டியதைத் தடித்த எழுத்தில் போடுங்கள், சாய்ந்த எழுத்தில் வேண்டாம். பதிலுரை ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடிந்தால் அந்த இடத்தில் சத்தம் பாதியாகக் குறையும். பக்கம் மடங்கும் இடத்தைப் பார்த்து வடிவமைப்பது இதனால்தான்.

ஒன்றே கால் மணி நேரம்

75 நிமிடம் சரியான அளவு. நுழைவும் வாழ்த்தும் 7 நிமிடம், நாட்டு அறிமுகம் 8, பாவ அறிக்கை 6, பெண்களின் கதைகள் 10, வேத வாசிப்பு 4, தியானம் 8, மன்றாட்டு 10, காணிக்கையும் அர்ப்பணிப்பும் 7, அனுப்புதல் 3. நான்கு பாடல்களுக்கு 12. இதில் முதலில் கரை உடைவது தியானம்தான். பேச அழைக்கப்பட்டவர் 8 நிமிடத்தை 35 ஆக்கிவிட்டால், நடத்துபவர் பதற்றத்தில் மன்றாட்டைச் சுருக்குவார். அந்த நாளின் இதயமே மன்றாட்டு. அதனால் தியானத்துக்கு ஒருவரைப் பேச அழைப்பதைவிட, எழுதும் நாடு அனுப்பிய தியானத்தை இரண்டு பெண்கள் மாறி மாறி வாசிப்பது நல்லது. பேச்சாளர் வேண்டும் என்றால், எழுதி வரச் சொல்லுங்கள். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் போகும். 8 நிமிடம் என்றால் 750 சொற்கள். அதற்கு மேல் எழுதியதைப் பார்த்தவுடனேயே அவருக்கே தெரியும்.

கதைகள் பகுதியில்தான் ஆராதனை உயிர் பெறுகிறது, அல்லது நாடகமாகிக் கெடுகிறது. பல ஆண்டுகளில் மூன்று பெண்களின் கதைகள் தன்மையில் வரும்: ‘நான் இன்னார், எனக்கு இது நடந்தது.’ 2018இல் தென் அமெரிக்காவின் சூரினாம் பெண்கள் எழுதியபோது பூர்வகுடி, மரூன் (அடிமைத்தனத்திலிருந்து தப்பியோரின் சந்ததி), கிரியோல் (ஆப்பிரிக்க வம்சாவளி), இந்திய வம்சாவளி, ஜாவா வம்சாவளி என்று அந்த நாட்டின் பல இனப் பெண்களின் குரல்கள் அதில் வந்தன. ஆளுக்கு ஒரு குரல் தேவை. ஒருவரே எல்லாவற்றையும் வாசித்தால் அந்த வேறுபாடு செத்துப்போகும். வாசிப்பவர் ‘இந்தச் சகோதரி என்ன சொல்கிறார் என்றால்’ என்று படர்க்கைக்கு மாற்றக் கூடாது. அழுது காட்டவும் கூடாது. நேராக நின்று, தன் சொந்தக் குரலில், ‘நான்’ என்றே வாசித்துவிட்டு, ஒரு மூச்சு நேரம் நின்று, இறங்கி வரட்டும். ஒவ்வொரு கதைக்குப் பின்னும் 20 விநாடி அமைதி. நடத்துபவர் மனதுக்குள் எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் அது 5 விநாடியில் முடிந்துவிடும்.

உடை விஷயத்தில் நம் பரிந்துரை உறுதியானது. எழுதும் நாட்டின் உடையைப் போலி செய்து அணிய வேண்டாம். முகத்துக்கு வண்ணம் பூசுவது அறவே கூடாது. ஒரு துணி, ஒரு பாய், ஒரு கிளை என்று அந்த ஆண்டின் அடையாளப் பொருளை மேசையில் வைத்தால் போதும். 2019இல் ஸ்லோவேனியப் பெண்கள் எழுதிய ஆராதனை லூக்கா 14இன் விருந்து உவமையை ஒட்டியது: ‘வாருங்கள், எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது.’ அங்கே தேவைப்பட்டது விரித்த மேசையும் காலியாக ஓர் இருக்கையும்தான். அந்தக் காலி இருக்கை எத்தனையோ அலங்காரத்தைவிட அதிகம் பேசும்.

ஒத்திகை இரண்டு. ஒன்று எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். இரண்டாவது அதே ஆலயத்தில், அதே ஒலிவாங்கியோடு. ஒலிவாங்கி இரண்டு வேண்டும்: நடத்துபவருக்கு ஒன்று, வாசிப்பவர்களுக்கு ஒன்று. ஒன்றையே கைமாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 10 விநாடி போகும். 15 மாற்றம் என்றால் இரண்டரை நிமிடம் இரைச்சலிலும் தட்டிப் பார்ப்பதிலும் கழியும். உயரம் குறைந்தவரும் உயரமானவரும் அடுத்தடுத்து வாசித்தால் தாங்கியின் உயரத்தை மாற்ற ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மன்றாட்டில் வரிசை முக்கியம். எழுதும் நாடு தந்த விண்ணப்பங்கள் முதலில், உலகத்துக்கானவை அடுத்து, உள்ளூருக்கானவை கடைசியில். தலைகீழாகப் போனால் உள்ளூர் விண்ணப்பங்களே நேரத்தைத் தின்றுவிடும். ஜெபிக்கும் தொனியையும் கவனிக்க வேண்டும். ‘அந்த ஏழைப் பெண்களுக்கு இரங்கும் ஆண்டவரே’ என்று வாயெடுத்தவுடன், நமக்கு ஜெபம் எழுதித் தந்தவர்கள் நம் இரக்கத்தைப் பெறுகிறவர்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து ‘எங்களுக்கு’ என்று ஜெபிக்கத்தான் அவர்கள் அந்தத் தாளில் ‘நாங்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை மாற்றாமல் வாசித்தாலே போதும்.

சிறுவர் நிகழ்ச்சியை ஒப்புக்குச் செய்யாதீர்கள். அதற்கென்று தனியாக எழுதி வருகிறது. ஞாயிறு பள்ளியில் 45 நிமிடம் ஒதுக்கி, மார்ச் முதல் ஞாயிறுக்கு முன்பே நடத்திவிட்டால், பிள்ளைகள் வெள்ளியன்று ஒரு பாடலையோ அடையாளப் பொருளையோ ஏந்தி வரலாம். எதற்கு வருகிறோம் என்று தெரிந்து வரும் பிள்ளையின் நடையே வேறு.

காணிக்கையும் அதற்குப் பின்னும்

அன்றைய காணிக்கை நடத்தும் ஆலயத்துக்கு உரியது அல்ல. அது தேசியக் குழு வழியாக, எழுதும் நாட்டிலும் பிற இடங்களிலும் நடக்கும் பெண்கள், பிள்ளைகள் சார்ந்த பணிகளுக்கும், அடுத்த ஆண்டுகளின் ஆயத்தத்துக்கும் போகிறது. இதை ஆராதனையிலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். வெவ்வேறு சபையைச் சேர்ந்த இருவர் அன்றே எண்ணி, தொகையை எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆலயத்தின் ஞாயிறு காணிக்கைப் பையில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது கடினம். அச்சுச் செலவையும் தேநீர்ச் செலவையும் காணிக்கையிலிருந்து கழிக்க வேண்டாம். அதை ஆயத்தக் குழுவின் சபைகள் முன்கூட்டியே பகிர்ந்துகொள்ளலாம். இரண்டு வாரத்துக்குள் அனுப்பிவிட்டு, ரசீதின் நகலை எல்லாச் சபைகளுக்கும் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் தயங்க மாட்டார்கள்.

‘செயல்படுவோம்’ என்பதற்குக் காணிக்கை ஒரு தொடக்கம் மட்டும். எழுதும் நாட்டின் பெண்கள் எழுப்பிய பிரச்சினைகளில் ஒன்று பெரும்பாலும் நம் தெருவிலும் இருக்கும். 2013இல் பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் ‘அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்’ என்ற வசனத்தை வைத்து எழுதினார்கள். அந்த ஆண்டு ஜெபித்து முடித்த குழு, தன் ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில் ஒன்றின் வீட்டுக் கதவையாவது தட்டியிருக்க வேண்டும். என்ன செய்வது என்பதை ஆராதனைக்குப் பின் யோசித்தால் நடக்காது. பிப்ரவரி வேதபாடத்திலேயே ஒரு சிறிய, முடிக்கக்கூடிய வேலையைத் தேர்ந்துகொண்டு, அனுப்புதல் ஜெபத்துக்கு முன் அதை அறிவித்துவிடுங்கள். யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதோடு.

மார்ச் மூன்றாம் வாரத்தில் ஆயத்தக் குழு ஒருமுறை கூட வேண்டும், அரை மணி நேரம் போதும். எத்தனை பேர் வந்தார்கள், எந்தச் சபை வரவில்லை, எந்தப் பாடலில் சத்தம் குறைந்தது, எந்தப் பகுதி நேரம் தாண்டியது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மீதித் தாள்கள் பத்து, வாசிப்பவர்களின் பட்டியல், கணக்கு, ரசீது, அந்த ஒரு பக்கம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, அடுத்த ஆண்டு நடத்தப்போகும் சபையின் இரண்டு பேரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள். அதற்குள் வேறொரு நாட்டில் சில பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தச் சபை வாசிக்கப்போகும் ஆராதனையை எழுதி முடித்திருப்பார்கள்.